கோப்புப் பாதை: பாணிகளும் உரைகற்களும்

ஒரு கோப்பு எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று எழுதிக்காட்ட நடுவே ஒரு குறி வேண்டும். இயங்குதள மரபுகள் அந்த ஒரு குறியிலேயே பிரிந்துவிட்டன. மல்டிக்ஸ் '>' போட்டது. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் '/' என்ற சாய்கோட்டை எடுத்துக்கொண்டது. பழைய மேக்கில் ':' இருந்தது. விஎம்எஸ், ஃபோல்டர் பெயர்களைச் சதுர அடைப்புக்குள் புள்ளி வைத்துப் பிரித்து, கடைசியில் அரைப்புள்ளி போட்டு அது எத்தனையாவது பதிப்பு என்றும் எழுதியது. 1981இல் வந்த எம்எஸ்-டாஸில் ஃபோல்டரே கிடையாது. கட்டளைகளுக்கான விருப்பங்களைக் குறிக்க அது சாய்கோட்டைச் செலவழித்திருந்தது. 1983இல் 2.0 பதிப்பில் ஃபோல்டர்கள் வந்தபோது மிஞ்சியது '\' என்ற பின்சாய்கோடுதான். இன்றும் விண்டோஸ் பாதைகளில் அதுவே நிற்கிறது.

பல இயங்குதளங்களில் ஓட வேண்டிய ஒரு லைப்ரரிக்கு இந்தக் குறி வேற்றுமை பெரிய பாரம் அல்ல. பாரம் அதற்கு அடியில் இருக்கிறது. பெயர் என்பது எதனால் ஆனது? யூனிக்ஸ் மரபில் அது வெறும் பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர எதுவும் வரலாம், எழுத்தாகப் படிக்க முடியாததும் வரலாம். விண்டோஸில் அது 16 பிட் அலகுகளின் வரிசை, அதுவும் முறையான யூனிகோடாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆக, பாதையைச் சாதாரண எழுத்துச் சரமாக நினைத்துக் கையாளும் லைப்ரரி என்றாவது ஒருநாள் ஒரு கோப்பைக் கைவிடும். பைத்தான் 2009இல், 3.1 பதிப்பில், புரியாத பைட்டுகளைச் சரத்துக்குள் மறைத்து வைத்து, திரும்பக் கேட்கும்போது அப்படியே கொடுக்கும் உத்தியைக் கொண்டுவந்தது. ரஸ்ட், இயங்குதளம் தரும் பெயர்களுக்கென்று தனி வகையையே வகுத்தது. நிரலாளருக்குச் சற்றுச் சிரமம்தான். ஆனாலும் ரஸ்ட் செய்தது நேர்மையான காரியம் என்பது என் கருத்து.

பாதையைச் சரத்திலிருந்து விடுவிக்கும் எண்ணம் புதிதல்ல. காமன் லிஸ்ப் அதை ஹோஸ்ட், சாதனம், ஃபோல்டர், பெயர், வகை, பதிப்பு என ஆறு உறுப்புகளாகப் பிரித்து வைத்தது. பிற்பாடு பூஸ்ட் லைப்ரரியில் பீமன் டாஸ் வளர்த்த பாணி சி++17 தரத்துக்குள் நுழைந்தது. ஜாவா 7 (2011) தனக்கொரு பாதை வகையைச் செய்துகொண்டது. அந்துவான் பித்ரூ முன்மொழிந்த பாத்லிப் லைப்ரரி 2014இல் பைத்தான் 3.4உடன் வந்தது. வட்டைத் தொடாத 'தூய பாதை' அதில் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். லினக்சில் உட்கார்ந்துகொண்டே ஒரு விண்டோஸ் பாதையை அதன் இலக்கணப்படி பிரித்துப் பார்க்கலாம். லினக்சின் கண்ணுக்குப் பின்சாய்கோடு சாதாரண எழுத்து, முழுப் பாதையும் ஒரே பெயர். இந்த வசதி இல்லாமல் அடுத்த ஊர் பாதையைப் படிக்கவே முடியாது.

பாணிகள் உண்மையில் மோதுவது இணைப்பில். '/அ' என்பதோடு '/ஆ' என்பதைச் சேர்த்தால் என்ன வரும்? பைத்தான், ஜாவா, ரஸ்ட், சி++17 ஆகியவை யூனிக்ஸ் மரபில் '/ஆ' என்று மட்டும் சொல்லும். முதலில் அ-வில் நின்றாய், பிறகு ஆ-வுக்குப் போனாய் என்பது அவற்றின் வாசிப்பு. கோ மொழியின் இணைப்பும் நோட்.ஜேஎஸ் லைப்ரரியின் இணைப்பும் '/அ/ஆ' என்று ஒட்டிவிடும். பயனர் அனுப்பும் பெயரை நம்பிச் சேர்க்கிற சேவையகத்தில் முதல் வாசிப்பு ஆபத்தானது. இரண்டாவதும் காப்பாற்றாது. '..' என்ற இரு புள்ளிகளை அனுப்பினால் மேலே ஏறிவிடலாம். அந்தப் புள்ளிகளிலும் தகராறு உண்டு. வழியில் ஒரு குறியீட்டு இணைப்பு (வேறோர் ஃபோல்டரைச் சுட்டும் பெயர்) இருந்தால், 'அதன் மேல் ஃபோல்டர்' எழுத்தில் ஒன்று, வட்டில் வேறொன்று. ராப் பைக் 2000இல் பிளான் 9 என்ற இயங்குதளத்துக்காக இதையே ஒரு தனிக் கட்டுரையாக எழுதி, பெயரின் எழுத்தையே பின்பற்ற வேண்டும் என்று வாதாடினார். அவர் பிறகு உருவாக்குவதில் பங்கேற்ற கோ மொழியும் எழுத்தைப் பார்த்தே புள்ளிகளைச் சுருக்குகிறது. பாத்லிப்போ வட்டைக் கேட்காமல் அவற்றைத் தொட மறுக்கிறது. மறுப்பதுதான் சரி. கோவும் 2025இல், 1.24 பதிப்பில், ஒரு ஃபோல்டரை வேராகக் கொண்டு அதைவிட்டு வெளியேற விடாத வகையைச் சேர்த்திருக்கிறது. பயனர் அனுப்பும் பெயரைச் சேர்க்கும் வேலைக்கு முறையான விடை அது.

விண்டோஸின் தனி வழக்கங்கள் சில உண்டு. 'சி:' என்பதை அடுத்துப் பின்சாய்கோடு இல்லாவிட்டால் அது அந்த டிரைவின் வேரைக் குறிக்காது, அங்கே நடப்பிலுள்ள ஃபோல்டரைக் குறிக்கும். பாதையின் நீளம் 260 என்ற பழைய வரம்பைத் தாண்ட 2016இல்தான் பொதுவழி திறந்தது. அதற்கும் இயங்குதளமும் செயலியும் இரண்டுமே சம்மதிக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் இந்த லைப்ரரிகளுக்கு நல்ல உரைகல். பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தொல்லை நமக்கு இல்லை. ஆனால் 'கொடி' என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம்: ககரத்தோடு முழுக் கொம்பு-கால் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றே. மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் மாற்றி வைத்தது. 2017இல் அங்கே வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்து, இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. லினக்சின் ஈஎக்ஸ்டி4 வழக்கமான அமைப்பில் எதையும் மாற்றாது. ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கொடி' அருகருகே இருக்கலாம். நீளத்திலும் கவனம் வேண்டும். ஈஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் என்பதால் 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் அதே பெயருக்கு 255 அலகுகள். அங்கே சேமித்த நீண்ட தமிழ்த் தலைப்பு ஈஎக்ஸ்டி4க்கு நகலெடுக்கும்போது நிராகரிக்கப்படும்.

புதிய லைப்ரரி எதைக் கையில் எடுத்தாலும் நான் லினக்சில் முதலில் கொடுத்துப் பார்ப்பது மூன்று கோப்புகள்: சேர்த்தெழுதிய 'கொடி', பிரித்தெழுதிய 'கொடி', 86 குறிகள் கொண்ட ஒரு தலைப்பு. முதலிரண்டும் கொடுத்த பெயர்களிலேயே திரும்பி வருகின்றனவா, மூன்றாவதை ஓசையின்றி வெட்டாமல் பிழையைச் சொல்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றைப் படிக்கத் தொடங்குகிறேன்.