தேவ சித்தம் அறிதல்: மரபுகளும் உரைகற்களும்

எடுக்கவேண்டிய ஒரு முடிவில் கடவுளின் விருப்பம் எது என்று கண்டறிந்து அதன்படி நடப்பதைக் கிறிஸ்தவர்கள் வழிநடத்துதல் என்கிறார்கள். சீர்திருத்தச் சபைகளின் பேச்சில் அது தேவ சித்தம் அறிதல். கத்தோலிக்கர் எழுத்தில் தெளிந்து தேர்தல். பத்துக் கட்டளைகள் தீர்த்துவைத்த காரியங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. திருடலாமா என்று யாரும் ஜெபத்தில் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரியும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. பெங்களூரை அடுத்த ஆனேக்கல் வட்டாரத்தில் அது பெரும்பாலும் வேலை, வரன், வீட்டுமனை ஆகிய மூன்றில் ஒன்றாக வரும்: பொம்மசந்திராவில் பார்க்கிற வேலையிலேயே நீடிப்பதா, எல்லை தாண்டி ஓசூருக்குப் போவதா, சொந்த ஊரில் பேசிவைத்த வரனை முடிப்பதா, சபையில் சொல்லும் வரனைப் பார்ப்பதா.

வேதாகமம் இதற்கு ஒரே வழியைக் காட்டவில்லை. ஆசாரியரின் ஊரீம் தும்மீம், சீட்டு, சொப்பனம், தீர்க்கதரிசியின் வாய்ச்சொல் எல்லாம் அதில் உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்கள் (அப்போஸ்தலர் 1). அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவி இறங்குகிறார்; அதற்குப் பின் புதிய ஏற்பாட்டில் சபை சீட்டுப் போட்டதாக எங்கும் இல்லை. பின்வந்த மரபுகள் எல்லாம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அப்போஸ்தலர் 16. ஆசியாவில் பிரசங்கிக்க ஆவியானவர் தடை, பித்தினியாவும் அடைபடுகிறது, துரோவாவில் இரவு நேரத் தரிசனத்தில் மக்கெதோனியா நாட்டான் ஒருவன் கூப்பிடுகிறான். தரிசனம் கண்டவர் பவுல் ஒருவரே. ஆனால் உடனிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து யோசித்து, இது கர்த்தருடைய அழைப்பு என்று நிதானித்த பிறகே கப்பல் ஏறுகிறார்கள். தடை, காட்சி, கூட்டு நிதானம் என்று மூன்றும் அந்தச் சில வசனங்களுக்குள் இருக்கின்றன. பிந்திய மரபுகளில் ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டது எனலாம்.

இதை முறைப்படுத்திக் கற்பித்தவர்களில் முதன்மையானவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்த வீரர் அவர். பொழுதுபோக்கக் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் சரிதங்களும் மட்டுமே. போர்க்களப் புகழையும் ஒரு சீமாட்டியையும் நினைத்துக் கனவு கண்டபோது மனம் இனித்தது. கனவு கலைந்ததும் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தபோதும் இனித்தது. அந்த இனிப்போ நினைவு நீங்கிய பிறகும் தங்கியது. எண்ணம் வரும் வேளையைவிட, அது போனபின் எதை விட்டுச்செல்கிறது என்பதைப் பார்க்க அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். 1548இல் போப்பின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இந்த அனுபவமே விதிகளாக மாறியது: முதற்கட்டத்தாருக்கு 14, முதிர்ந்தவர்களுக்கு 8. ஐயத்துக்கே இடமில்லாத அழைப்பு, ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வருவதைக் கவனித்துத் தேர்வது, மனம் அமைதியாக இருக்கும்போது நன்மை தீமைகளை எடைபோட்டுத் தேர்வது என முடிவெடுக்கும் வேளைகள் மூன்று. விதிகளில் நடைமுறைக்கு மிகவும் உதவுவது ஐந்தாவது. மனம் வறண்டு கிடக்கும் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்கிறது அது. பயிற்சி கொடுப்பவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தேர்வு நடக்கும்போது அவர் எந்தப் பக்கமும் தள்ளாமல், தராசின் முள்போல நடுவில் நிற்க வேண்டும்.

இம்முறை தமிழ் மண்ணிலேயே ஒரு பெரிய முடிவைத் தீர்த்திருக்கிறது. 1545 ஏப்ரல் வாக்கில் இஞ்ஞாசியாரின் தோழர் பிரான்சிஸ் சவேரியார் மயிலாப்பூர் வந்து, அப்போஸ்தலர் தோமாவின் கல்லறைக் கோவிலருகே நான்கு மாதம்போலத் தங்கினார். மக்காசார் தீவில் ஞானஸ்நானம் கேட்கிறார்கள் என்ற செய்தி அவர் காதில் விழுந்திருந்தது. முத்துக்குளித்துறை மக்களை விட்டுப் போவதா என்ற தயக்கமும் இருந்தது. கல்லறையருகே ஜெபத்தில் இருந்தபோது, மலாக்காவுக்குப் போவதே கடவுளின் விருப்பம் என்று உள்ளாறுதலோடு தெளிந்ததாகக் கோவாவிலிருந்த தோழர்களுக்கு அந்த மே மாதம் எழுதினார். இது இஞ்ஞாசியார் சொன்ன இரண்டாம் வகைத் தேர்வு. பிரசங்கங்களில் அதிகம் சொல்லப்படாத மீதிக் கதையும் உண்டு. மலாக்காவில் மாதக்கணக்கில் காத்திருந்தும் மக்காசாரிலிருந்து உறுதியான தகவல் வரவில்லை. 1546 தொடக்கத்தில் அவர் அம்போய்னாவுக்குக் கப்பல் ஏறினார். மக்காசாரை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை. புறப்படச் சொன்ன தெளிவு உண்மையானது என்பதற்கு, சேருமிடமும் அதில் அடங்கியிருந்தது என்று பொருள் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் மதுரை, மைசூர் மிஷன்களுக்கு வந்த இயேசு சபையார் அனைவரும் இந்தப் பயிற்சியில் வார்க்கப்பட்டவர்களே. 2022 ஆகஸ்ட் இறுதி முதல் 2023 ஜனவரி வரை போப் பிரான்சிஸ் புதன்கிழமை மறைக்கல்வியில் இதையே தொடர் பாடமாக எடுத்தார்.

சீட்டும் வசனமும் சேர்ந்த மரபு இதற்கு நேர் எதிர்த்திசை. வேதத்தைக் கண்மூடித் திறந்து, விரல்பட்ட வசனத்தைக் குறியாகக் கொள்ளும் பழக்கம் பழையது. 506இல் கூடிய ஆக்டே சங்கம் அதைத் தடைசெய்யவேண்டிய அளவுக்கு அது பரவியிருந்தது. புரோட்டஸ்டண்டு உலகில் இதை ஒழுங்குபடுத்தியவர்கள் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரை மையமாகக் கொண்ட மொரேவியர்கள். ஊழியம், இடமாற்றம், திருமணம் எதுவானாலும் ஆம், இல்லை, வெற்றுச்சீட்டு என மூன்றில் ஒன்றை எடுத்தார்கள். வெற்றுச்சீட்டு வந்தால் காத்திருக்கவேண்டும். சபை கூடிப் பேசி முடித்த பிறகே சீட்டு என்பது அவர்கள் ஒழுங்கு. திருமணத்துக்குச் சீட்டுப் போடும் கட்டாயம் 1818இல் கைவிடப்பட்டது. 1760 முதல் சில பத்தாண்டுகள் அவர்கள் தரங்கம்பாடி அருகே தோட்டம் அமைத்துக் குடியிருந்தார்கள். 1731 முதல் அவர்கள் ஆண்டுதோறும் அச்சிட்டுவரும் தின வசனத் தொகுப்பு இன்றும் வருகிறது. அதில் வசனம் எடுப்பது சபை முழுவதற்கும். தனியாளுக்குத் தனி வசனம் கிடையாது.

தமிழ்ச் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நடப்பது வேறு. நள்ளிரவு தாண்டிப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லியதும், பீடத்தின் முன் ஒரு தட்டு வைக்கப்படும். அதில் வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்த்துக் கிடக்கும். குடும்பம் குடும்பமாக வரிசையில் வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். இடம்பெயர்தலைப் பற்றிய வசனம் வந்தவர் வேலை மாறத் தயாராவார். 'தங்கியிரு' என்ற பொருளில் வந்தவர் இருக்கிற இடத்திலேயே அமர்வார். அட்டை பீரோக் கதவில் ஆண்டு முழுக்க ஒட்டியிருக்கும். ஊக்கமளிக்கும் வழக்கம் என்ற அளவில் இதில் குறையில்லை. ஆனால் அந்த வசனம் யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று பாராமல் அதையே உத்தரவாக எடுத்துக்கொள்ளும்போது, மொரேவியர் வைத்திருந்த முதல் நிபந்தனை விட்டுப்போகிறது. சீட்டு மிஞ்சியிருக்கிறது, சீட்டுக்கு முன் நடந்த கலந்தாலோசனை இல்லை. தங்கள் செய்கைக்குச் சிலர் காட்டும் கிதியோனின் ஆட்டுத்தோல்கூடப் பொருந்தாது. போகவேண்டும் என்ற கட்டளை அவனுக்கு முன்பே கிடைத்துவிட்டது (நியாயாதிபதிகள் 6). அவன் கேட்டது துணிவை.

சீட்டிலிருந்து விலகி நிதானத்துக்கு வந்தவர் ஜார்ஜ் முல்லர். ஹாலேயில் மாணவராக இருந்த காலத்தில், மிஷனரியாகப் போகலாமா என்று அறிய அவரும் சீட்டுப் போட்டார். அரச லாட்டரிச் சீட்டுக்கூட வாங்கினார், சிறு தொகை விழுந்தது. பின்னாளில் அதைத் தவறான வழி என்று தாமே எழுதினார். பிரிஸ்டலில் அனாதை இல்லங்களை நடத்திய காலத்தில் அவர் வகுத்த முறையில் முதற்படியே கடினமானது: அந்தக் காரியத்தில் தன் விருப்பம் எதுவும் மேலோங்காத நிலைக்கு மனதைக் கொண்டுவர வேண்டும். பிறகு உணர்ச்சியை மட்டும் நம்பாமல் வேதம், சூழ்நிலை, ஜெபம் மூன்றையும் பார்த்து, பலமுறை ஜெபித்தும் மனச் சமாதானம் நிலைத்தால் நடக்கலாம். அவருடைய மைத்துனர் அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். குரோவ்ஸின் வழியைத் தமிழில் வாழ்ந்து காட்டியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867). பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியசிடம் பயின்றவர். மிஷன் சங்கச் சம்பளத்தை ஏற்காமல், வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையை அமைத்து, தேவை எழும்போதெல்லாம் கடவுளிடம் மட்டும் கேட்டு வாழ்ந்தார். இந்த மரபின் சாயல் பிற்காலத்தில் பக்த்சிங்கின் கூட்டங்களில் தெரிகிறது. 1941இல் பல்லாவரம் மலையில் இரவு முழுக்க ஜெபித்த பின்னரே அவர்கள் சென்னையில் சபையைத் தொடங்கினார்கள்.

1860இல் கிறிஸ்தியான்பேட்டையில் எழுந்த எழுப்புதலில் தரிசனமும் தீர்க்கதரிசனமும் கலந்திருந்தன. அதன் அலை திருவிதாங்கூருக்குப் போனபோது, அங்கே யுஸ்துஸ் யோசேப்பு என்பவர் கிறிஸ்துவின் வருகை 1881இல் என்று அறிவித்தார். ஆண்டு வந்தது, வருகை நடக்கவில்லை. கூட்டம் யுயோமய சபை என்ற தனிச்சபையாகத் தொடர்ந்தது. 20ஆம் நூற்றாண்டுப் பெந்தெகொஸ்தே சபைகளில் 'கர்த்தர் உனக்குச் சொல்லச் சொன்னார்' என்பது அன்றாட வழக்காகிவிட்டதால், இந்தச் சம்பவத்தை மறப்பதற்கில்லை. பெந்தெகொஸ்தே மரபுக்கு உள்ளேயே உரைகல் இருக்கிறது: இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்ல, மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் (1 கொரிந்தியர் 14), அசட்டை பண்ணவும் கூடாது, சோதிக்காமல் விடவும் கூடாது (1 தெசலோனிக்கேயர் 5). அப்போஸ்தலர் 21 இன்னும் நுட்பமானது. எருசலேமில் பவுல் கட்டப்படுவார் என்று தீர்க்கதரிசி அகபு முன்னறிவித்தது நடந்தது. ஆனால் போகாதே என்று உடனிருந்தவர்கள் அதிலிருந்து எடுத்த முடிவைப் பவுல் ஏற்கவில்லை. நடக்கப்போவதைச் சொல்வதும், செய்யவேண்டியதைச் சொல்வதும் இரு வேறு காரியங்கள். வரன் விஷயத்தில் ஊழியக்காரர் ஒருவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நிச்சயதார்த்தம் வரை போகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

தமிழ் மேடைகளில் மிகப் பரவலானது மூன்று விளக்குகள் என்ற பாடம். ஆங்கிலப் போதகர் எஃப்.பி. மேயர் பரப்பியது: வசனம், உள்ளத்தின் ஏவுதல், சூழ்நிலை மூன்றும் துறைமுக விளக்குகள்போல ஒரே கோட்டில் வந்தால் கப்பல் துறைமுகத்துக்குள் போகலாம். மூன்றாவதுதான் இதில் ஆபத்தானது. கதவு திறந்தது என்பதாலேயே அது கடவுள் திறந்தது ஆகிவிடாது; யோனாவுக்கும் தர்ஷீசுக்குப் போகக் கப்பல் தயாராகவே இருந்தது. சூழ்நிலையை நிதானமாகப் படித்தவருக்கு ஏமி கார்மைக்கேல் நல்ல சான்று. 1895இல் அவர் இந்தியா வந்து முதலில் பணிக்குச் சேர்ந்தது பெங்களூரில். பின்பு திருநெல்வேலிச் சீமையில் பெண்கள் குழுவோடு ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லிவந்தார். 1901 மார்ச்சில் கோவிலுக்கு விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி, பண்ணைவிளையில் அவரிடம் வந்து சேர்ந்தாள். பயண ஊழியத்தை விட்டுக் குழந்தைகளோடு கட்டுண்டு கிடப்பது சரியா என்ற கேள்வி அவருக்கு எளிதில் தீரவில்லை. அந்தச் சிறுமியின் வருகை, பின்னர் டோனாவூரில் அமைந்த குழந்தைகள் இல்லத்துக்கான அழைப்பு என்பது ஒரே நாளில் விளங்கியதன்று. குழந்தைகள் ஒவ்வொன்றாக வரவரத்தான் தெளிந்தது.

இத்தகைய தேடலையே கேள்விக்குட்படுத்தும் ஞான வழி மரபும் உண்டு. 1980இல் வந்த கேரி ஃப்ரீசனின் நூல் அதற்கு அடையாளம்: வேதம் கட்டளையிடாத இடத்தில் கடவுள் ஒரு புள்ளியை மறைத்துவைக்கவில்லை, ஞானமாய்த் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் தந்திருக்கிறார் என்பது அதன் வாதம். வாழ்க்கையை ஜெபக் குறிப்பேட்டிலேயே நிறுத்திவைத்திருப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. அழைப்பு என்ற அனுபவத்துக்கு மட்டும் இது சரியாக இடம் தருவதில்லை.

அழைப்பைத் தனியாளிடமே விடாமல், சபையும் உறுதிசெய்யவேண்டும் என்பது சீர்திருத்தச் சபைகளின் நிலை. தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர் பணிக்கு வருகிறவர் உள்ளழைப்பைச் சொன்னால் போதாது. திருமண்டலம் தேர்ந்து அனுப்பவேண்டும். வி.எஸ். அசரியா 1902இல் யாழ்ப்பாணத்தில் பெற்ற மிஷனரிப் பாரம், மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கமாகப் பலர் கையில் உருவெடுத்தது. பிறரை அனுப்பியவர் தானும் போகவேண்டும் என்ற முடிவுக்கு வந்து தோர்ணக்கல் சென்றது 1909இல். பாரத்துக்கும் பயணத்துக்கும் நடுவில் ஏழு ஆண்டு இருந்தது.

வேத ஒழுங்குக்கு முரண்படாமை, தன் ஆதாயத்தைச் சந்தேகித்தல், நிலைக்கும் சமாதானம், முதிர்ந்தவர்களின் சாட்சி, காலம் ஆகிய ஐந்தை இந்த மரபுகள் பெரும்பாலும் ஏற்கின்றன. முதல் மூன்றும் தமிழ்ப் பிரசங்கத்தில் தாராளமாகக் கேட்கக் கிடைக்கின்றன. சாட்சியும் காலமும்தான் கழன்றுபோனவை. அடையாளத்தை வாங்கிக்கொண்டு, அதைச் சோதிக்கும் கருவியை விட்டுவிட்டோம் என்றே சொல்லவேண்டும். ஓசூர்க் கம்பெனியில் கூடுதல் சம்பளத்தோடு இரவு ஷிஃப்ட் வேலை கிடைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இஞ்ஞாசியார் வழி அவரைச் சில நாள் பொறுத்து மனம் எங்கே வறள்கிறது என்று பார்க்கச் சொல்லும். சம்பளம் பேச்சில் இல்லாவிட்டாலும் இதே ஏவுதல் இருக்குமா என்று முல்லர் கேட்பார். மனைவியும் சபை மூப்பர் ஒருவரும் என்ன சொல்கிறார்கள் என்பது அசரியா காலத்து ஒழுங்கு. ஞான வழியினர் ஞாயிறு ஆராதனைக்கு விடுப்பு உண்டா, பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிப்பார்கள். கடைசிக் கேள்வி ஆவிக்குரியதாகத் தோன்றாமல் இருக்கலாம். முடிவைத் தீர்ப்பது பலமுறை அதுவே.

தவறாகத் தேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் மரபு விடை வைத்திருக்கிறது. திருமணம், குருத்துவம் போன்ற மாற்றமுடியாத தேர்வுகளையும், மாற்றக்கூடியவற்றையும் இஞ்ஞாசியார் பிரித்துவைத்தார். முதல் வகையில் தவறு நேர்ந்திருந்தால் அதற்குள்ளேயே நன்றாக வாழ முயலவேண்டும். வேலை, வாடகை வீடு, வாங்க முன்பணம் கொடுத்த மனை போன்றவை இரண்டாம் வகை. அவற்றை மறுபடியும் ஜெபத்துக்கும் ஆலோசனைக்கும் கொண்டுவரலாம், மாற்றவும் செய்யலாம்.