நாலாவது தடை

ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரர் கோயிலுக்குப் போனால், யாராவது ஒருவர் தலக் கதையைச் சொல்லிவிடுவார். சிவபெருமான் உடும்பாக உருவெடுத்து முன்னால் ஓடினாராம். அம்பிகை பின்னால் தேடிக்கொண்டு வந்தாளாம். உடும்பு என்றதும் நமக்குப் பிடிதான் ஞாபகம் வரும். பிடிக்குப் பேர்போன பிராணியின் வடிவில் வந்து, பிடிபடாமல் ஓடிக் காட்டினான் என்று கதை கட்டியவன் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது.

அந்த மலையில் எனக்கும் ஒன்று நேர்ந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மார்கழி விடியற்காலை. நண்பன் ஒருவனோடு படியேறியவன், மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்தேன். கீழே தொழிற்சாலை விளக்குகள். இரவு ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எங்கேயோ ஒருவன் கன்னடத்தில் கூப்பிட, இன்னொருவன் தெலுங்கில் பதில் சொன்னான். பிறகு கால் மணி நேரம் என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. பயமில்லை, ஆசையில்லை, உட்கார்ந்திருந்தவனும் இல்லை. "காபி சாப்பிடலாமா?" என்று நண்பன் கேட்டான். இறங்கி வந்துவிட்டோம்.

அதோடு விட்டிருக்கலாம். நான் நாவலாசிரியன், விடுவேனா? என்னுடைய இரண்டாவது நாவலில் அந்தக் கால் மணி நேரம் பதினோரு பக்கமாக வளர்ந்தது. உண்மையில் அன்று ஒரே பனிமூட்டம். நாவலில் சூரியன் ஜோராக உதயமாயிற்று. அடிக்காத மணி அடித்தது. கதாநாயகன் கண்ணில் நீர் பெருகிற்று. "எந்தப் பாறை? வடக்குப் பக்கமா, கிழக்குப் பக்கமா?" என்று கேட்டு வாசகர்கள் எழுதினார்கள். ஒருவருக்கும் தெரியாமல் நானே ஏழெட்டுத் தடவை அங்கே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாறை இருந்தது. வேறொன்றும் இல்லை.

இந்தச் சமாசாரத்தை இப்போது கிளறக் காரணம், ராஜாஜியின் ஆன்மிக எழுத்துகளை மறுபடி படித்ததுதான். 1878 டிசம்பர் 10-ல் அவர் பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்குப் பக்கத்துக் கிராமம். அன்று சேலம் ஜில்லா. 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். சின்ன வீடு. அங்கிருந்து திரும்பி வந்து 'உபநிஷதப் பலகணி', கீதையைப் பற்றிய 'கண்ணன் காட்டிய வழி', மார்க்கஸ் அரேலியஸைத் தமிழாக்கிய 'ஆத்ம சிந்தனை' எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. இத்தனை எழுதியவர், 'எனக்கு இப்படி ஒரு தரிசனம் கிடைத்தது' என்று ஓரிடத்தில்கூடச் சொன்னதாக என் கண்ணில் படவில்லை. தியானத்தில் ஒளி கண்டேன், உடம்பு சிலிர்த்தது என்பதெல்லாம் கிடையாது. கோர்ட்டில் நின்று வழக்கின் சாரத்தை எடுத்துச் சொல்லும் குரல்தான். அவருடைய சிறுகதைகளில் இந்தக் குரல் எனக்குப் பிடிப்பதில்லை. கதை நடக்கும்போதே நீதி முன்னால் வந்து நிற்கும். ஆனால் உபநிஷதத்தைப் பேசும்போது அதே குரல் பாந்தமாக இருக்கிறது. ஏன் என்று யோசித்தேன்.

வேதாந்தப் படிப்பில் ஒரு பாடம் உண்டு. ஸமாதிக்கு நான்கு தடைகள் என்று ஸதானந்தரின் 'வேதாந்த ஸாரம்' கணக்கிடுகிறது. தூங்கிவிடுவது ஒன்று, மனம் அலைவது ஒன்று, பழைய வாசனைகளால் மனம் விறைத்து நின்றுவிடுவது மூன்றாவது. நாலாவதற்குப் பெயர் ரஸாஸ்வாதம். வழியில் கிடைக்கிற ஆனந்தத்தை ருசித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவது. கௌடபாதரும் தம்முடைய காரிகையில் அந்தச் சுகத்தைச் சுவைக்காதே என்று எச்சரிக்கிறார். வேடிக்கை என்னவென்றால், இலக்கியத்தில் ரஸாஸ்வாதத்தைக் காட்டிலும் உயர்ந்த பட்டம் கிடையாது. 'ரஸிகமணி' என்றே ஒருவருக்குப் பெயர் கொடுத்த நாடு இது. வேதாந்தி தடை என்று தள்ளுவதை நாங்கள் பிழைப்பாக வைத்திருக்கிறோம்!

முதல் மூன்று தடைகளையும் நாமே கண்டுபிடித்துவிடலாம். தூங்கினவனுக்குத் தூங்கினோம் என்று தெரியும். நாலாவது அப்படி இல்லை. ஊர் வந்துவிட்டது என்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடுவழி ஸ்டேஷனில் இறங்குகிறவன் கதை அது.

இதற்குப் பெரிய உதாரணம் தக்ஷிணேசுவரத்தில் நடந்தது. 1865-ஐ ஒட்டி தோதாபுரி என்ற அத்வைத ஸந்நியாசி அங்கே வந்தார். ஓரிடத்தில் மூன்று நாளுக்குமேல் தங்குவதில்லை என்ற விரதக்காரர். பதினோரு மாதம் தங்கினார் (விரதங்களுக்கும் இப்படி நேர்வதுண்டு). அவர் சொன்னபடி ஸ்ரீ ராமகிருஷ்ணர் மனத்தை எல்லாவற்றிலிருந்தும் இழுத்துக்கொண்டார். ஆனால் காளியின் திருவுருவம் மாத்திரம் போகமாட்டேன் என்று எதிரே நின்றது. "முடியவில்லை" என்றார். குரு ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துப் புருவ மத்தியில் அழுத்தி, "இங்கே நிறுத்து" என்றார். ஞானத்தைக் கத்தியாகக் கொண்டு அந்த உருவத்தை இரண்டாக வெட்டினேன் என்று ஸ்ரீ ராமகிருஷ்ணர் பின்னால் சொல்லியிருக்கிறார்.

எதை வெட்டினார் என்று பாருங்கள். காமத்தை அல்ல, காசை அல்ல. அழுது அழுது, உயிரைப் போக்கிக்கொள்ளத் துணிந்து சம்பாதித்த தரிசனத்தை! பெற்ற தாயை வெட்டுவது போல. அப்புறம் காளியை விட்டாரா என்றால் அதுவும் இல்லை. கடைசிவரை அவளுடைய குழந்தையாகவே இருந்தார். கைப்பிடி போயிற்று, காளி போகவில்லை. இதை அவர் சீடர்களிடம் தாராளமாகச் சொல்லவும் சொன்னார். ரமணரும் அப்படித்தான். 1896-ல் மதுரையில், பதினாறு வயதில், தமக்கு நேர்ந்த மரணாநுபவத்தைக் கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மாடி அறையை மறுபடி தேடிப் போகவில்லை. காட்சி கண்டோம் என்று வந்தவர்களை, கண்டது யார் என்று பார்க்கச் சொன்னார். ஆகவே வாயைத் திறக்காதது மட்டும் பற்றின்மைக்கு அத்தாட்சி ஆகாது. ராஜாஜி சொல்லாததாலேயே உயர்ந்துவிட்டார் என்று நான் வாதாடினால் அது கட்சி பேசுவதாகும்.

அவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாதிருந்தால்? நியாயமான கேள்வி. ஸ்ரீ ராமகிருஷ்ணர் பெற்றதை விட்டார். ஒன்றும் பெறாதவன் எதை விடுவது?

இதற்கு அவர் எழுதிய 'குறை ஒன்றும் இல்லை' பாட்டில் பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் குரலில் அது வீடுவீடாகப் போய்விட்டதால், பாட்டில் என்ன இருக்கிறது என்று நாம் கவனிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு உருகிவிடுகிறோம். மறுபடியும் அந்த நாலாவது தடை! பாட்டில் இருப்பது விநோதமான ஒப்புதல். கடவுள் திரைக்குப் பின்னால் நிற்கிறான், ஞானிகளுக்கு மட்டும் தெரிகிறான், எனக்குத் தெரியவில்லை, அதனால் எனக்கு மனக்குறை இல்லை என்கிறது.

நம் பக்தி மரபில் இது அபூர்வமான சுருதி. திருமங்கையாழ்வாராக இருந்தால் மடலேறிவிடுவேன் என்று பெருமாளையே மிரட்டியிருப்பார். திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிற மரபு அது. கவிதை என்று பார்த்தால் ஆழ்வார் எங்கே, ராஜாஜி எங்கே! இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அநுபவத்தைக் கேட்டுப் பிடிவாதம் பிடிப்பதும் ஒரு பற்றுதான் என்பது ஆழ்வாரைப் படிக்கும்போது நமக்குத் தோன்றாது. அழகு மறைத்துவிடும். இந்தச் சாதாரணப் பாட்டில் தோன்றுகிறது.

'எட்டாத பழம் புளிக்கும் என்கிற கதைதானே?' என்று ஒரு நண்பர் மடக்கினார். அப்படியில்லை. அந்தக் கதையில் நரி பழத்தைத் தூற்றுகிறது. இவர் பழத்தைத் தூற்றவில்லை. பழம் உண்டு, இனிப்பானது, எட்டினவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருவன் இல்லை என்று தமக்கு எதிரான சாட்சியத்தை எல்லாம் தாமே ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு குறையில்லை என்கிறார். பழைய வக்கீல் அல்லவா? பெற்றதை வெட்டுவதற்கு ஒரு கண்ணாடித் துண்டு போதுமானதாக இருந்தது. பெறாததை வெட்ட எது உதவும் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்டினது போலத்தான் பாட்டு கேட்கிறது.

என் விஷயம் இரண்டிலும் சேராது. எனக்கு என்னவோ கால் மணி நேரம் கிடைத்தது. அதைப் பதினோரு பக்கத்துக்கு விற்றேன். விற்ற பொருளைத் திரும்பக் கேட்டு மலையேறினேன். அந்த நாவல் இப்போது மறுபதிப்பு வருகிறது. ப்ரூப் மேஜைமேல் கிடக்கிறது. நேற்று இரவு சூரியோதயத்தை அடித்தேன். கோயில் மணியை அடித்தேன். கண்ணீரை அடிக்க நெடுநேரம் மனம் வரவில்லை. கடைசியில் அதையும் அடித்தேன். பனிமூட்டம், பஸ்கள், கன்னடத்துக்குத் தெலுங்கில் வந்த பதில், "காபி சாப்பிடலாமா?" என்று நண்பன் கேட்டது - இவ்வளவுதான் மிஞ்சிற்று. ஒரு பக்கம்கூட வரவில்லை. பதிப்பாளர் என்ன சொல்வாரோ.