மூன்றாவது குரல்

தாலாட்டைத் தாய்மையின் கவிதை என்று சொல்லி முடித்துக்கொள்வது நம் விமர்சனத்தில் பழகிப்போன காரியம். பாடுகிறவள் தாய்தானா என்று நாம் கேட்பதில்லை.

ஜப்பானில், கியோத்தோவின் தெற்கே தக்கேதா என்ற இடத்துத் தாலாட்டு ஒன்று உண்டு. பாடுகிறவள் பிறர் வீட்டுக் குழந்தையைக் கூலிக்குச் சுமக்கும் சிறுமி. குழந்தையின் அழுகை அவளை வதைக்கிறது. அவள் மனம் தன் வீட்டுக்கு ஓடுகிறது. 1971இல் 'அகாய் தோரி' என்ற இசைக்குழு இதை இசைத்தட்டாக வெளியிட, நாடே பாடியது. தக்கேதா, தீண்டாமைக்கு ஆளான புராக்குமின் மக்களின் குடியிருப்பு என்று தெரிந்ததும் ஒலிபரப்பாளர்கள் பாட்டைத் தவிர்த்தார்கள். இனிமை பிடித்தது, ஊர்ப்பெயர் உறுத்தியது.

நம்மிடம் பெரியாழ்வார் யசோதையாகித் தொட்டில் ஆட்டுகிறார். குலசேகரரின் தேவகி, பெற்ற பிள்ளையைத் தாலாட்டும் பேறு கிட்டவில்லையே என்று புலம்புகிறாள். வளர்த்தவள் ஒருத்தி, பெற்றவள் ஒருத்தி. கூலிக்கு வளர்ப்பவள் மூன்றாமவள். சங்க அகப்பாட்டில் செவிலி பேசுகிறாளே என்று சொல்லலாம். பேசுகிறாள், உடன்போன வீட்டுப் பெண்ணுக்காக அழுகிறாள். தன் வீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. மரபு அவளுக்குக் கூற்றைத் தந்தது, வாழ்க்கையைத் தரவில்லை.

நான் படித்த நாட்டுப்பாடல் தொகுப்புகளிலும் மாமன் சீர் கொண்டுவருகிறான். அந்த மாமன் பாடுகிறவளின் அண்ணனாகவோ தம்பியாகவோ இருந்தால்தான் அந்தப் பெருமிதம் அவளுடையது. கூலிக்காரிக்கு அவன் யாரோ.

சிப்காட் வந்த பிறகு ஓசூரில் ஷிப்டு நேரம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் பக்கத்து வீட்டில் பெற்றவள் இரவு வேலைக்குப் போக, தளிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி ஒரு தமிழ்க் குழந்தையைத் தெலுங்கில் தூங்கவைக்கிறாள். எல்லைப்புறத்து மொழிக்கலப்பு என்று இதில் பரவசப்பட்டு நானே எழுதியிருக்கிறேன். ஒருநாள் காதுகொடுத்துக் கேட்டேன். பாட்டில் குழந்தை இல்லை. மழை காணாத கொல்லையும், ஊரில் விட்டுவந்த பேத்தியும் இருந்தார்கள். நான் எழுதியது வெட்கமாக இருந்தது.

1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுத்த நா. வானமாமலை, பாட்டைச் சமூக வாழ்வோடு சேர்த்துப் படிக்கக் கற்றுத்தந்தார். பாட்டு எந்த ஊர், எந்த மாவட்டம் என்று குறித்துக்கொள்வதோடு நாம் நின்றுவிட்டோம். பாடியவள் யார் வீட்டுக் குழந்தைக்காகப் பாடினாள், அப்போது அவள் குழந்தை எங்கே இருந்தது? இதையும் குறித்தால்தான் பாட்டின் பிறப்பிடம் தெரியும்.