பிரசவ வைத்தியமும் மருத்துவிச்சியும்

ஈழத்தின் அறிவியல் தமிழைப் பற்றிப் பேசுவோர் மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை மறப்பதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அந்த அமெரிக்க மிஷனரி, மோன்செலின் ஆங்கில நூலைத் தமிழாக்கி 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ என்ற பெயரில் வெளியிட்டார். தாய்மொழியில் மருத்துவம் கற்பிக்க இயலாது என்று இன்றும் வாதிடுவோருக்கு அந்நூலே தக்க விடை.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அந்நூல் யாரைச் சென்றடைந்தது? கிறீன் பயிற்றுவித்த அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் ஆண்கள். குடாநாட்டுப் பெண்கள் பிள்ளை பெற்றதோ மருத்துவிச்சியின் கையில். பெரும்பாலும் எழுத்தறியாத அவள், சவரத்தொழிலைச் சாதியமைப்பு எவர்மீது சுமத்தியதோ அந்தச் சமூகத்துப் பெண். துடக்கென்று மற்றவர் விலகி நின்ற உடலைத் தொட்டுக் காத்தவள் அவள். குழந்தையை முதலில் ஏந்திய அதே கை, துடக்குக் கழிந்தபின் அவ்வீட்டு அடுக்களைக்கு ஆகாத கையாயிற்று! நூலின் குறையென்று இதைச் சொல்வதற்கில்லை. நூலையும் அவளையும் பிரித்துவைத்த சமுதாயத்தின் குறை இது.

பழமையைப் போற்றிப் புலம்புவது நம் நோக்கமன்று. 1935இல் இலங்கையில் ஆயிரம் பிறப்புகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2020இல் அத்தொகை இலட்சத்துக்கு ஏறக்குறைய 30. இலவச வைத்தியசாலைகளும், நகரிலும் கிராமத்திலும் வீடு வீடாகச் செல்லும் அரசாங்க மருத்துவமாதரும் ஈட்டித் தந்த வெற்றி இது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. ஆனால் ‘மருத்துவிச்சி’ என்ற சொல் ‘மருத்துவமாது’ என மாறியபோது, பழைய சொல்லோடு அதற்குரியவர்களின் அனுபவமும் வரலாற்றினின்று அகற்றப்பட்டதல்லவா?

இவ்வாறுதான் நிகழவேண்டும் என்பதில்லை. கனடாவின் வடபகுதியில் புவிர்நிட்டுக் என்னும் ஊரில் 1986இல் இன்யூட் மக்கள் தமக்கென ஒரு பிரசவ நிலையத்தை நிறுவினர். பிரசவத்துக்காகத் தொலைதூர நகரங்களுக்கு விமானத்தில் அனுப்பப்பட்ட பெண்கள், அதன்பின் தம் ஊரிலேயே, தம் இனத்தவரான மருத்துவிச்சிகளின் துணையோடு பிள்ளை பெற்றனர். நவீன மருத்துவமும் மக்களின் அனுபவமும் அங்கே கைகோத்தன.

நம் ஆசிரியரும் மாணவரும் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. மருத்துவிச்சிகளின் குடும்பங்களிடமும், அவர்கள் கையில் பிள்ளை பெற்ற முதியோரிடமும் சென்று, பத்தியம், மருந்து, பராமரிப்பு பற்றிக் கேட்டு எழுதவேண்டும். பயன் தந்ததையும் தீங்கு செய்ததையும் ஒருசேரப் பதியவேண்டும். அவர்களை ஆய்வுப் பொருளாக்காமல் ஆய்வின் பங்காளராகக் கொள்ளவேண்டும். அடுக்களைக்குள் அனுமதிக்கப்படாதவளுக்கு ஏட்டிலேனும் இடமளிப்போம். அதுவும் சாதிக்கெதிரான போராட்டமே.