ஒற்றை ரிப்போர்ட்டை நம்பலாமா?

டீசல் வண்டியின் ஆயிலை எடைபோட நம் ஒர்க்‌ஷாப்புகளில் கண்ணும் கட்டைவிரலுமே கருவி. டிப்ஸ்டிக்கை உருவி, ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்து, “கருத்துப்போச்சு, மாத்திரலாம்” என்று தீர்ப்பு வந்துவிடும். ஆனால் டீசல் இன்ஜினில் ஊற்றிய புது ஆயில் வெகுசீக்கிரமே கருத்துவிடும். கரியைப் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்வதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. கறுப்பு நிறம் அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே ஒழிய, கெட்டுவிட்டது என்பதற்கு அல்ல. அதனால் விரலைவிட ஆய்வகம் மேல் என்பதில் சந்தேகமில்லை. சிறு பாட்டிலில் அனுப்பிய ஆயிலில் இரும்பு, செம்பு, ஈயம், சிலிக்கான், சோடியம் எவ்வளவு, பிசுபிசுப்பு எவ்வளவு, டீசல் கலந்திருக்கிறதா என்று ஒரு தாளில் எண்ணாக வந்துவிடுகிறது. சிக்கல் அந்தத் தாளை எப்படி வாசிக்கிறோம் என்பதில் இருக்கிறது. திருப்பூர் வட்டாரத்துக்கு இந்தச் சோதனை தாளாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குப் பொருள் கொடுக்கும் பதிவேடு கூடவே வரவில்லை.

இந்த முறை எங்கே வேர்விட்டது என்று பார்த்தால் இது விளங்கும். 1946 வாக்கில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில் நிறுவனம் தன் டீசல் இன்ஜின்களின் பழைய ஆயிலை நிறமாலை ஆய்வுக்கு உட்படுத்தி, எந்த உலோகம் தேய்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தொடங்கியது. பிறகு அமெரிக்கக் கடற்படை அதை விமானங்களுக்குக் கொண்டுபோனது. இந்திய ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட்களிலும் இது வழக்கமான வேலையாயிற்று. இந்த இடங்களுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒரே ரக இன்ஜின்கள் பல, ஊற்றுவது ஒரே ஆயில், ஆய்வகம் சொந்தம், ஒவ்வொரு இன்ஜினுக்கும் பல ஆண்டுக் கணக்கு. அங்கே ஒரு எண் வந்தால், அதை அதே இன்ஜினின் போன மாத எண்ணோடு ஒப்பிட ஆள் இருக்கிறார்.

திருப்பூரின் நிலைமை வேறு. சரக்குக் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு தாராபுரம், ஒட்டன்சத்திரம், மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஓடும் லாரி ஒரு பக்கம். நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும், பிறகு பிரிண்டிங்குக்கும் துணி உருளைகளைச் சுமந்து நாள் முழுவதும் நின்று நின்று ஓடும் ‘குட்டியானை’ மினி லாரி இன்னொரு பக்கம். 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் வாட்டிய மின்வெட்டின்போது வாங்கிப்போட்ட ஜென்செட்களும் உண்டு. ஒரே ரக லாரி இரண்டை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி ஓடும் லாரியின் ஆயிலில் 40,000 கி.மீ.க்குப் பிறகு இரும்பு 120 பிபிஎம். அவிநாசி, பல்லடம் வட்டாரத்துக்குள்ளேயே சுற்றும் லாரியில் 8,000 கி.மீ.க்கு 64 பிபிஎம் என்று வைப்போம். தாளில் முதல் லாரிக்கு மஞ்சள் எச்சரிக்கை, இரண்டாவதற்குப் பச்சை. ஆனால் ஆயிரம் கி.மீ.க்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் முதலாவது 3, இரண்டாவது 8. வேகமாகத் தேய்வது பச்சை வாங்கிய வண்டிதான்.

பொய்யான பயமும் உண்டு, பொய்யான நிம்மதியும் உண்டு. இன்ஜின் புதிதாக இருக்கும்போது செம்பு 200 பிபிஎம்முக்கு மேல் போய் உரிமையாளரைக் கலங்கடிக்கும். பேரிங் போய்விட்டது என்று கிராங்கை இறக்கச் சொல்லும் ஆள்கூட இருப்பார். ஈயமும் வெள்ளீயமும் இரும்பும் தம் நிலையிலேயே இருந்தால், பெரும்பாலும் அது ஆயில் கூலரின் செப்புப் பரப்பு ஆயிலோடு வினைபுரிந்து கரைவதுதான். இரண்டு மூன்று ஆயில் மாற்றத்தில் தானாக இறங்கிவிடும். பொய் நிம்மதி இதைவிட ஆபத்தானது. 15டபிள்யூ-40 ஆயிலின் பிசுபிசுப்பு 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கலந்தால் அது குறையும், கரி சேர்ந்தால் கூடும். இரண்டும் சேர்ந்து நடந்தால் எண் 14 என்று சமர்த்தாக வந்து நிற்கும். கரி அளவையும் டீசல் கலப்பையும் சேர்த்துப் படிக்காதவருக்கு அந்த 14 நல்ல செய்தி. டாப் அப்பும் இப்படித்தான். 15 லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் இரும்பு 90 பிபிஎம் இருக்கும்போது 3 லிட்டர் எரிந்து குறைந்து, புதிதாக 3 லிட்டர் ஊற்றினால் எண் 72 ஆகிவிடும். ஆயில் குடிக்கும் இன்ஜின் ஆரோக்கியமானதாகத் தெரிவது இப்படித்தான். டாப் அப் கணக்கை எழுதிவைக்கும் டிரைவர் இல்லாத வண்டியில் இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

வட்டாரத்தின் இயல்பும் எண்ணுக்குள் நுழைகிறது. சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் மண் தூசி உள்ளே போகிறது, ஏர் ஃபில்டரையோ அதற்குப் பின்னால் வரும் ஹோஸின் கிளாம்ப்பையோ பார் என்று அர்த்தம். எந்த நாட்டுப் புத்தகமும் இதைச் சொல்லும். ஆனால் ஸ்பின்னிங் மில்லிலும் நிட்டிங் பட்டறையிலும் காற்றில் மிதப்பது மண்ணைவிடப் பஞ்சு. பஞ்சு உலோகம் அல்ல. ஆய்வகத் தாளில் அதற்கென்று வரி கிடையாது. ஜென்செட்டின் ஏர் ஃபில்டரில் கம்பளிபோல் படிந்து காற்றை அடைத்தால், தாளில் தெரிவது கரி கூடியதுதான். ரேடியேட்டர் இடுக்குகளில் படிந்தால் இன்ஜின் சூடேறி, ஆயில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கெட்டியாகும். பெரிய ஜென்செட்டை ஓட்டி நாலைந்து பவர் டேபிள் தையல் மெஷினுக்கு மட்டும் மின்சாரம் எடுத்தால், குறைந்த சுமையில் முழுதாக எரியாத டீசல் லைனரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். சோடியத்தையும் இங்கே கொஞ்சம் யோசித்துத்தான் படிக்க வேண்டும். கூலன்ட் கசிவுக்குச் சோடியம், பொட்டாசியம் அடையாளம் என்பார்கள். பருத்திச் சாயமேற்றலில் உப்பு டன் கணக்கில் புழங்கிய நொய்யல் படுகையின் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் வண்டியில், பொட்டாசியம் இல்லாமல் சோடியம் மட்டும் ஏறினாலும் கசிவைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும். சில ஆயில்களில் சோடியம் சேர்க்கைப் பொருளாகவே இருப்பதால், புது ஆயிலையும் ஒரு முறை சோதித்து வைத்துக்கொள்ளாமல் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முடியாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, நேரத்துக்கு ஆயிலை மாற்றிவிட்டுப் போகலாமே என்பது நியாயமான கேள்வி. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்குச் சோதனைச் செலவில் பாதி ஆயிலே வாங்கிவிடலாம் என்ற கணக்கும் உண்மைக்கு வெகு தூரமில்லை. ஆனால் கிழிந்த ஹோஸ் வழியே மண் நுழைகிற இன்ஜினுக்கு எத்தனை முறை புது ஆயில் ஊற்றினாலும் லைனர் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். கூடவே தடயமும் ஆயிலோடு வடிந்து போய்விடும். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்கிற மெக்கானிக்கின் காதும் சும்மா இல்லை. ஆனால் பேரிங் சத்தம் போடத் தொடங்கும்போது செலவு ஏற்கெனவே இலட்சத்தைத் தொட்டிருக்கும். அதேசமயம் ஒரு விஷயத்தில் மெக்கானிக் ஆய்வகத்தை வெல்கிறார். வழக்கமான நிறமாலைக் கருவிக்கு 5 முதல் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் சரிவரத் தெரியாது. செதில் செதிலாக உதிரும் பேரிங் உலோகம் அதன் கண்ணில் படாமல் போகலாம். பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்து வெயிலில் பிடித்துப் பார்ப்பவருக்கு அது மினுங்கும். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பாட்டிலை மட்டும் அனுப்புவது விசித்திரமான சிக்கனம்.

ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டிக்கத்தான் சோதனை என்று விற்பவர்களை நான் அதிகம் நம்பமாட்டேன். 15, 20 லிட்டர் கொள்ளும் லாரியில் மிச்சப்படுவது சொற்பம். நூற்றுக்கணக்கான லிட்டர் கொள்ளும் ரயில் இன்ஜினுக்குத்தான் அந்தக் கணக்கு ஒத்துவரும். டிபிஎன் என்கிற காரத்தன்மை பாதியானால் மாற்று என்ற பழைய விதியும் கந்தகம் மிகுந்த டீசலின் காலத்தது. பிஎஸ்-3 டீசலில் 350 பிபிஎம் வரை இருந்த கந்தகம், 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6இல் 10 பிபிஎம். புகைபோக்கி ஃபில்டருக்காகச் சாம்பலைக் குறைத்துச் செய்த ஆயில்களின் டிபிஎன் ஆரம்பத்திலேயே சற்றுக் குறைவு. பழைய அட்டவணையோடு ஒப்பிட்டால் அவை அநியாயமாகத் தோற்கும். பத்து, இருபது வண்டி ஓட்டும் டிரான்ஸ்போர்ட்டுக்கு இந்தச் சோதனை உண்மையாகவே பயன்படும்: எந்த வண்டி மற்றவற்றிலிருந்து விலகுகிறது என்று காட்ட. ஒற்றை லாரிக்காரருக்கு அந்த ஒப்பீடு கிடைக்காது. தன் வண்டியின் முந்தைய ரிப்போர்ட்டுகளே அவருக்கு ஒப்பீடு. வருடத்துக்கு இரண்டு ரிப்போர்ட்டாவது வேண்டும், அதே ஆயிலில், இன்ஜின் சூடாக இருக்கும்போது, ஒரே இடத்திலிருந்து எடுத்ததாக. வடிக்கும்போது முதலில் விழும் கசடையும், கூல்டிரிங்க்ஸ் குடித்த பாட்டிலையும் தவிர்த்து.

ஒற்றை ரிப்போர்ட்டுக்கு மவுசு மிகுதியாக இருக்கக்கூடிய இடம் பழைய லாரி வியாபாரம். அது சற்றும் உதவாத இடமும் அதுவே. விற்பவர் நாலு நாளுக்கு முன் ஆயில் மாற்றியிருந்தால் எல்லா எண்ணும் பச்சையாகத்தான் வரும். வாங்குபவர் கேட்க வேண்டியது கடைசி ஆயில் மாற்றிய தேதியும் கி.மீட்டரும், டாப் அப் கணக்கும், முந்தைய தாள்களும். அவை இல்லையென்றால் ஃபில்டரைக் கழற்றி அறுத்துக் காட்டச் சொல்லலாம். அதுவும் புதிதாக மாட்டப்பட்டிருந்தால், விலையைக் குறைத்துப் பேச அதுவே காரணம்.