எதிரே உட்கார்ந்திருப்பது யார்?

குளிருக்குப் போர்த்திக்கொள்ள எதுவும் கிடையாது. சோளம் அரைக்க எடுத்துப்போகும் சாக்கு ஒன்றைத் திருடி, தலையை அதற்குள் நுழைத்து, பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஈரமான மண் தரையில் ஒரு சிறுவன் தூங்குகிறான். உறைபனியில் பாதங்கள் வெடித்துவிடுகின்றன. அந்தச் சிறுவன்தான், அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ். வளர்ந்தபின் இதை எழுதும்போது, கையில் பிடித்திருக்கும் பேனாவையே அந்த வெடிப்புகளுக்குள் கிடத்திவிடலாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் விடுதலை, மதம், மனசாட்சி பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளையும் தன்வரலாறுகளையும் படிக்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். வெடிப்பின் அகலத்தைக் காட்ட ஒரு குச்சியைச் சொல்லியிருக்கலாம், விரலைச் சொல்லியிருக்கலாம். அவர் பேனாவைச் சொல்கிறார். அடிமைக்கு எழுத்தறிவு கூடாது என்று எஜமானர்கள் கருதிய மேரிலாந்தில் பிறந்தவர் அவர். தன்வரலாற்றின் தலைப்பிலேயே ‘தானே எழுதியது’ என்று அச்சிட வேண்டியிருந்தது. அந்தப் பேனா காயத்தை அளக்கிறது, கூடவே அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்றும் சொல்லிவிடுகிறது.

யாருக்குச் சொல்கிறது என்பதில்தான் இந்த எழுத்துகளின் சுவையே இருக்கிறது. சுயசரிதை, கட்டுரை, சொற்பொழிவு என்று வடிவம் எதுவானாலும், இவை ஒவ்வொன்றும் நம்ப மறுக்கிற, அல்லது நம்பினாலும் அசைய மறுக்கிற ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசுபவை. ஆகவே எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘எதிரே உட்கார்ந்திருப்பது யார்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை உபதேசமாகத் தெரிந்த பத்திகள் வாதங்களாகத் தெரியத் தொடங்கும்.

டக்ளஸுக்கு எதிரே இருந்தவர்களைப் பாருங்கள். 1838-ல் மாலுமி வேடத்தில் பால்டிமோரிலிருந்து தப்பி வந்து, 1841 முதல் வட மாநிலங்களின் அடிமை ஒழிப்பு மேடைகளில் பேசினார். பேச்சு அத்தனை நேர்த்தியாக இருந்ததால், இவர் அடிமையாக இருந்திருக்கவே முடியாது என்று கேட்டவர்களே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பதிலாக 1845-ல் வந்ததுதான் அவருடைய முதல் தன்வரலாறு. எஜமானர்கள், கங்காணிகள், ஊர்கள் எல்லாவற்றையும் உண்மைப் பெயரோடு எழுதினார். பெயரைச் சொன்னதால் பிடிபடும் ஆபத்து கூடியது. புத்தகம் வந்த கையோடு பிரிட்டனுக்குக் கப்பலேறினார். அங்கிருந்த நண்பர்கள் 150 பவுண்டு திரட்டிக் கொடுத்து அவரைச் சட்டப்படி விடுதலை செய்தார்கள். ஆனால் இத்தனையும் எழுதியவர் தப்பித்த வழியை மட்டும் எழுதவில்லை. எழுதினால் பின்னால் வருகிறவர்களின் பாதை அடைபட்டுவிடும் என்கிறார். ஆக, அடிமை வைத்திருந்தவர்களும் இந்தப் புத்தகத்தைப் படிப்பார்கள் என்பதும் அவர் கணக்கில் இருக்கிறது. சொல்லாமல் விட்டதைக் கவனிப்பதும் இந்த வகை எழுத்தை ரசிப்பதில் சேரும்.

அடுத்தது, பைபிள். வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எழுத்தாளர்களுக்கு எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள், சிறுவயதிலிருந்து வசனங்களை மனப்பாடம் செய்தவர்கள். அவர்களிடம் வாதாட அதைவிடக் கூர்மையான ஆயுதம் கிடையாது. டக்ளஸ் எழுதிய எட்வர்ட் கோவி என்ற ஆள், முரண்டு பிடிக்கும் அடிமைகளை அடித்துப் பணியவைப்பதில் பெயரெடுத்தவன், கூடவே பக்திமான். சோள வயலில் குனிந்து ஊர்ந்து வந்து திடீரென்று எழுந்து நிற்பதால் அடிமைகள் அவனுக்குப் பாம்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் வீட்டில் காலையும் மாலையும் குடும்ப ஜெபம் உண்டு. கோவிக்குப் பாட வராது. பாட்டை எடுத்துக் கொடுக்கும் வேலை டக்ளஸ் தலையில் விழும். சில நாள் டக்ளஸ் வேண்டுமென்றே வாயைத் திறக்கமாட்டார். கோவி சுருதி தவறித் தடுமாறித் தனியாகப் பாடி முடிப்பான். பிற்பாடு கோவியோடு அவர் கட்டிப் புரண்டு போட்ட புகழ்பெற்ற சண்டையைவிட எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். அடிமையிடமிருந்து உழைப்பைப் பறிக்கலாம், பாட்டை மட்டும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

புத்தகத்தின் பின்னிணைப்பில் டக்ளஸ் கிறிஸ்துவின் மதத்தையும் அந்த நாட்டில் நடப்பிலிருந்த மதத்தையும் தனித்தனியே பிரித்து வைக்கிறார். மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் பரிசேயர்கள் மேல் விழும் வசையைப் படித்துவிட்டு இதைப் படித்தால், எந்த அடியை எங்கே திருப்பிவிட்டிருக்கிறார் என்பது விளங்கும்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இங்கே உண்டு. மிரன் வின்ஸ்லோவின் தமிழ் அகராதி (1862) பலருக்குத் தெரிந்திருக்கும். அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கத்தின் தலைமையகம் பாஸ்டனில் இருந்தது. அடிமை வைத்திருப்பவர்களிடம் காணிக்கை வாங்குகிறது, செரோக்கி, சோக்டா மக்களிடையே நடத்தும் சபைகளில் அடிமை உடையவர்களைச் சேர்த்துக்கொள்கிறது என்று அடிமை ஒழிப்பாளர்கள் அந்தச் சங்கத்தைச் சாடினார்கள். மனம் ஒப்பாதவர்கள் 1846-ல் வேறொரு மிஷன் சங்கத்தைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் வானவியலும் தமிழும் கற்பித்த அதே நியூ இங்கிலாந்து பக்திக்கு, தன் ஊரில் இப்படியொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

டக்ளஸ் 1852 ஜூலை 5-ஆம் தேதி ராச்செஸ்டர் நகரில் ஆற்றிய சுதந்திர தினப் பேச்சை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவரை அழைத்தது அந்த நகரத்து அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கம். எதிரே இருந்தவர்கள் பகைவர்கள் அல்லர், கைதட்ட வந்த நண்பர்கள். முதல் பகுதி முழுக்க வாழ்த்துதான். 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் துணிச்சல்காரர்கள், நாடு இன்னும் இளமையாக இருக்கிறது, திருந்த அவகாசம் உண்டு. மேலோட்டமாகப் படித்தால் வழக்கமான மேடைப் பேச்சு. ஆனால் உங்கள் முன்னோர், உங்கள் சுதந்திரம், உங்கள் திருநாள் என்றே சொல்லிக்கொண்டு போகிறார். தன்னை ஒருமுறைகூட அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூட்டத்துக்கு இது உறைப்பதற்குள் திருப்பம் வந்துவிடுகிறது. உங்கள் விழாவில் பேச என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்கிறார். பாபிலோனில் சிறைப்பட்டவர்களைப் பாடச் சொன்ன 137-ஆம் சங்கீதம் அங்கே வந்து விழுகிறது. பிறகு பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது, நள்ளிரவில் விலங்கிட்ட கூட்டத்தைக் கப்பலுக்கு ஓட்டிப்போகும் காலடிச் சத்தம் கேட்டு விழித்த நினைவு. ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் 1850-ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் கண்டு வாய்மூடி இருந்த தேவாலயங்கள். குரல் ஏறிக்கொண்டே போகிறது. அமைதியான முதல் பகுதியை யாராவது ‘அலுப்பாக இருக்கிறது, தாண்டிவிடுங்கள்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். பிற்பகுதியின் பலம் முழுவதும் அங்கேதான் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஹென்றி டேவிட் தோரோவுக்கு எதிரே இருந்தது இன்னும் சின்னக் கூட்டம்: கான்கார்ட் என்ற சிற்றூரில் அவருடைய அக்கம்பக்கத்தார். தலைவரி கட்ட மறுத்ததற்காக 1846 ஜூலையில் ஓர் இரவு சிறையில் இருந்தார். 1848-ல் உள்ளூர்ச் சொற்பொழிவு மன்றத்தில் அதைப் பற்றிப் பேசி, மறு ஆண்டு அச்சில் கொண்டுவந்தார். ‘சட்டமறுப்பு’ என்று உலகம் அறிந்த தலைப்பு அவர் இறந்தபின் 1866-ல் வந்தது. அந்தக் கட்டுரையின் குறி தெற்கத்தி அரசியல்வாதிகள் மேல் இல்லை. அடிமைமுறையும் மெக்சிகோ போரும் தவறு என்று சொல்லிக்கொண்டே வியாபாரத்தையும் விவசாயத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் உள்ளூர்க்காரர்கள் மேல்தான்.

தோரோவை முகத்தை இறுக்கிக்கொண்டு படித்தால் பாதி போய்விடும். அந்த மனிதருக்கு நக்கல் அதிகம். தைக்கக் கொடுத்த செருப்பை வாங்கிவரப் போகும் வழியில்தான் பிடிபடுகிறார். மறுநாள் காலை வேறொருவர் வரியைக் கட்டிவிட, வெளியே வந்து செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, காட்டுப்பழம் பறிக்கப் புறப்பட்ட ஒரு கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறார். குன்றின் மேல் ஏறிப் பார்த்தால் அரசாங்கம் எங்கேயும் தென்படவில்லையாம். ஓர் இரவுச் சிறையை இப்படிப் பேசுவது கொஞ்சம் சொகுசுதான். மனைவி மக்கள் இல்லாதவருக்கு இது எளிது என்று தோன்றினால் தப்பில்லை, சொத்தும் குடும்பமும் உள்ளவர்களின் பயத்தை அவரே கட்டுரைக்குள் எடுத்துப் பேசுகிறார். காந்தி 1907-ல் ‘இந்தியன் ஒபீனியன்’ இதழில் தோரோவை அறிமுகப்படுத்தினார். ஆனால் சத்தியாக்கிரகத்தை அவரிடமிருந்து எடுத்ததாகச் சொல்வதைக் காந்தியே பின்னாளில் மறுத்திருக்கிறார். தென்னாப்பிரிக்கப் போராட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

கட்டுரையாளர் எமர்சனை முதலில் எடுக்காதீர்கள். 1838-ல் ஹார்வர்டு இறையியல் மாணவர்களிடம் அவர் பேசியது பெரிய புயலைக் கிளப்பியது, சுமார் முப்பது ஆண்டுகள் ஹார்வர்டு அவரைப் பேச அழைக்கவில்லை, எல்லாம் சரி. ஆனால் அவரிடம் பிடித்துக்கொள்ள ஒரு செருப்போ சாக்கோ கிடைக்காது. சார்ல்ஸ்டனில் அடிமைகள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த ஏஞ்சலினா கிரிம்கே 1836-ல் தென்மாநிலக் கிறிஸ்தவப் பெண்களுக்கு எழுதிய சிறு நூல் அதைவிடச் சுவையானது. பழைய ஏற்பாட்டுச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வக்கீலைப் போல வாதாடுகிறார். பிறகு, வாக்குரிமை இல்லாத பெண்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நேராகப் பதில் சொல்கிறார். சொந்த ஊர் தன் புத்தகத்தைக் கொளுத்திய பெருமை அவருக்கு உண்டு.

முன்னாள் அடிமையான சோஜர்னர் ட்ரூத் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. 1851-ல் ஓஹையோவின் ஆக்ரன் நகரில் அவர் பேசிய பேச்சு இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று அடுத்த மாதமே பத்திரிகையில் வந்தது. மேற்கோளாக ஊரெல்லாம் சுற்றுவது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வேறொருவர் எழுதியது. அதில் தெற்கத்தி அடிமைகளின் கொச்சை போட்டிருக்கும். ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்தில் டச்சு பேசி வளர்ந்தவர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், பேசியவர் குரல் எது, எழுதியவர் கற்பனை எது என்று காது பழகிவிடும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861-ல் லிண்டா ப்ரென்ட் என்ற புனைபெயரில் வெளியிட்ட தன்வரலாறு. வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், எஜமானின் காம வேட்டைக்குத் தப்பி, பாட்டி வீட்டு ஒட்டுக்கொட்டகையின் கூரைக்கடியில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர். நீளம் ஒன்பது அடி, அகலம் ஏழு அடி, உயரம் மிஞ்சிப்போனால் மூன்று அடி. நிமிர்ந்து நடமாட முடியாது. காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, எலிகள் உண்டு. இருட்டில் ஊர்ந்து திரியும்போது ஒரு துறப்பணம் தலையில் இடிக்கிறது. மேலேறும் மறைகதவைச் செய்தபோது மாமா அங்கேயே விட்டுப்போனது. வரிசை வரிசையாகத் துளை போட்டு, ஓரங்குலச் சதுரத்தில் ஒரு கண் திறக்கிறார், தன் பிள்ளைகளைப் பார்க்க. தெருவில் முதலில் கண்ணில் பட்டது அந்த எஜமான். சகுனமே சரியில்லை என்று உடம்பு நடுங்குகிறது. கதை எழுதுகிறவர்கள் முதலில் பிள்ளைகளைத்தான் காட்டியிருப்பார்கள்.

ஜேக்கப்ஸுக்கு எதிரே இருப்பவர்கள் வட மாநிலத்து நடுத்தர வர்க்க வெள்ளைப் பெண்கள். முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அந்தக் காலத்தில் அவர்களிடம் கற்பைப் பற்றிப் பேசுவதே கூச்சம். எஜமானிடமிருந்து தப்பிக்க வேறொரு வெள்ளைக்காரரோடு உறவு கொண்டு இரண்டு பிள்ளைகள் பெற்றதை இவர்களிடம் சொல்லியாக வேண்டும். மன்னிப்புக் கேட்கிறார், தலைகுனிகிறார், அதே மூச்சில், அடிமைப் பெண்ணை உங்கள் அளவுகோலால் அளக்கக் கூடாது என்கிறார். அந்தப் பக்கங்களில் வாக்கியங்கள் முன்னும் பின்னும் அலைவதைப் பொறுமையாகக் கவனியுங்கள், நிலைமை மெல்லத் தலைகீழாகிறது. ஒளிந்திருந்தபடியே எஜமானுக்குக் கடிதம் எழுதி, அதை நியூயார்க்கிலிருந்து தபாலில் சேர்க்க வைத்து ஏய்த்த கதையையும் விட்டுவிடாதீர்கள். பல காலம் இந்தப் புத்தகத்தைப் புனைவு என்றே தள்ளிவைத்திருந்தார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடிப்பிடித்து, எழுதியது ஜேக்கப்ஸ்தான், சம்பவங்கள் உண்மைதான் என்று நிலைநாட்டினார். எஜமான் ஜேம்ஸ் நார்காம் 1835-ல் கொடுத்த பத்திரிகை விளம்பரமும் கிடைத்திருக்கிறது. நூறு டாலர் சன்மானம் அறிவித்துவிட்டு, எந்தக் காரணமும் இல்லாமல் ஓடிவிட்டாள் என்கிறார். ஜேக்கப்ஸின் புத்தகம் முழுவதும் அந்த ஒற்றை வாக்கியத்துக்கான பதில்.

லிங்கன் 1865 மார்ச் 4-ஆம் தேதி இரண்டாம் முறை பதவியேற்றபோது பேசியது சுமார் 700 சொற்கள்தான். உள்நாட்டுப் போரில் வெற்றி கைக்கெட்டும் தூரம். கூட்டம் வெற்றி முழக்கத்துக்குக் காத்திருக்கிறது. அவரோ, இரு தரப்பும் ஒரே பைபிளைப் படித்து ஒரே கடவுளிடம் வேண்டினார்கள் என்று சொல்லி, பாவத்தின் கணக்கில் வடக்கையும் சேர்த்துவிடுகிறார். கூட்டத்தில் டக்ளஸும் நின்றிருந்தார். அன்று மாலை வெள்ளை மாளிகை வாசலில் காவலர்கள் அவரைத் தடுத்தார்கள். லிங்கனுக்குச் சொல்லியனுப்பி உள்ளே போனதும், பேச்சு எப்படி இருந்தது என்று அவரிடம்தான் கேட்டார் ஜனாதிபதி.

படிக்கும் வரிசை என்று கேட்டால்: டக்ளஸ், ஜேக்கப்ஸ், பிறகு ஜூலை 5 பேச்சு, லிங்கன், அதற்கப்புறம் தோரோ. இவை காப்புரிமை காலாவதியான நூல்கள், ‘ப்ராஜெக்ட் குடன்பர்க்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டக்ளஸ் நூலின் தொடக்கத்தில் இரண்டு வெள்ளைக்கார நண்பர்கள் எழுதிய நற்சான்றுகள் இருக்கும். அவற்றைக் கடைசியில் படியுங்கள், தானே எழுதிய மனிதனுக்கும் எத்தனை பேர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது என்பது அப்போது உறுத்தும். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், பின்னிணைப்பு இருக்கிறதா என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.