சிற்றில் கட்டுகிறவர்கள்

பிள்ளைத்தமிழைச் சிற்றிலக்கியமாகப் படித்திருக்கிறோம். அதை ஒரு பாடத்திட்டமாகவும் படிக்கலாம். குழந்தை எந்தப் பருவத்தில் என்ன விளையாட வேண்டும் என்று பத்தாக வகுத்துச் சொன்ன வடிவம் அது. முதல் ஏழு பருவங்கள் இரு பாலுக்கும் பொது. கடைசி மூன்றில் பாதை பிரிகிறது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல்.

சிற்றில் பருவத்தில் மணல்வீட்டைக் கட்டுகிறவர்கள் சிறுமியர். ஆனால் அது அவர்களுடைய பருவம் அன்று. சிதைக்க வருகிற ஆண் குழந்தையின் பருவம். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதுதான் பாட்டு. நாச்சியார் திருமொழியில் இதே காட்சியை எழுதும் ஆண்டாள், நாளெல்லாம் உட்கார்ந்து இழைத்ததில் முதுகு நோவதையும் சேர்த்துச் சொல்கிறாள். விளையாட்டுக்குள் இருக்கும் உழைப்பை ஒரு பெண் எழுதிவைத்த இடம் அது.

இன்றைய கல்வி ஆவணங்களையும் அந்த முதுகுவலியோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு வெளியிட்ட அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டம், 3 முதல் 8 வயது வரையிலான கல்வியின் மையத்தில் விளையாட்டை வைக்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றே பெயர். மூன்று வயதில் கையில் பென்சிலைத் திணிக்கும் எல்.கே.ஜி. வகுப்புகளுக்கு எதிராக இது சரியான நிலைப்பாடு. மணலை அள்ளி ஊற்றும் குழந்தை அளவைக் கற்கிறது. கடைவைத்து விளையாடும் குழந்தை எண்ணையும் பேச்சையும் விட்டுக்கொடுப்பதையும் கற்கிறது. இதில் எனக்கு மாறுபாடில்லை. என் கேள்வி வேறு: பாப்பா விளையாடும்போது அக்கா என்ன செய்துகொண்டிருக்கிறாள்?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பமொன்றில் அவளைப் பார்த்தேன். ஒன்பது வயதிருக்கும். இடுப்பில் தம்பி, கையில் குச்சி. காயும் கருவாட்டின்மேல் காக்கை இறங்கும்போதெல்லாம் குச்சியை வீசினாள், தம்பி சிரித்தான். அம்மா மீன் விற்கப் போயிருந்தார். என்ன செய்கிறாய் என்றதற்கு, "தம்பிக்கு வெளையாட்டுக் காட்டுறேன் டீச்சர்" என்றாள்.

இவளை நான் முன்பே அறிவேன். நற்றிணை 45இல் தலைவனை மறுக்கும் தோழி, சுறாவைக் காயவைத்துப் பறவை ஓட்டுகிற எங்கள்மேல் புலால் நாறும், எட்டிப்போ என்கிறாள். தோழியின் சொல்வன்மை என்று பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். காவலிருப்பது வேலை என்று ஒருமுறையும் சொன்னதில்லை.

ஏரியில் மீன்பிடி இடங்களை ஆண்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். அதில் பெண்ணுக்குப் பங்கில்லை. கூடை சுமந்து விற்பதும், இருளர் பெண்களானால் ஆழமில்லாத நீரில் கையால் தடவி இறால் பிடிப்பதும் பெண்கள் படும் பாடு. அந்த நேரத்துக்குக் கைக்குழந்தை யாரிடம் இருக்கும்? அங்கன்வாடி காலையில் திறந்து பிற்பகலில் மூடுகிறது. மீன்காரப் பெண்ணின் நாள் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் பகலெல்லாம் விட்டுப்போகப் பெரும்பாலான மையங்களில் வழியில்லை. இந்த இடைவெளிக்கெல்லாம் அக்காதான் இருக்கிறாள்.

ஏரியே பள்ளி, வாழ்க்கையே பாடம் என்று இதை அழகாக்கிச் சொல்ல நம்மைப் போன்றவர்களுக்கு ஆசை வரும். அவள் நிறையக் கற்றிருக்கிறாள், உண்மைதான். காற்றின் திசை, கருவாட்டின் பதம், தம்பி எந்த அழுகைக்கு எதைக் கேட்கிறான் என்பது வரை தெரியும். ஆனால் வேண்டாமென்று தோன்றும்போது நிறுத்த முடிவதுதான் விளையாட்டு. அவளால் குச்சியைக் கீழே போட முடியாது.

ஆடிப்பாட வைக்கிற அங்கன்வாடிப் பணியாளரும் அவளுடைய நீட்சிதான். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அவருக்குப் பெயர் 'கௌரவப் பணியாளர்'. எடை பார்த்து, உணவு கொடுத்து, கர்ப்பிணிகளின் வீடு சென்று, பதிவேடு எழுதிய பிறகுதான் பாட்டும் பொம்மையும். தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. முழு அரசு ஊழியர் என்ற நிலை இல்லை. பணிக்கொடைக்கு இவர்கள் உரியவர்கள் என்று சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தேவைப்பட்டது. குழந்தையோடு விளையாடுவது பெண்ணுக்கு இயல்பு, அதற்கு எதற்குச் சம்பளம் என்ற நினைப்பே இதற்கெல்லாம் அடியில் கிடக்கிறது.

எனவே விளையாட்டுவழிக் கல்வியை ஆதரிக்கும் பெண்ணியம், பாட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட முடியாது. மீன்காரப் பெண்ணின் நேரத்துக்குத் திறக்கும் குழந்தைகள் காப்பகம் வேண்டும். அங்கே பணிபுரிகிறவருக்கு ஊழியர் என்ற பெயரும் முழு ஊதியமும் வேண்டும். அப்போதுதான் அந்த ஒன்பது வயதுக்காரி தம்பியை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, தனக்கென்று ஒரு மணல்வீடு கட்ட உட்கார முடியும்.